யானைக்குப் பின்னால் ஒரு வீடு: மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளைக் காடு

போன மாரி முடிந்த கையோடு எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் ஒரு யானைப் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். இரவல் கமராவில் எடுத்துக் கைபேசிக்கு மாற்றியிருந்தான். மீள்குடியேற்றத்துக்குப் பிறகும் ஆட்கள் திரும்பி வராத காணிகள் எங்கள் ஊரின் விளிம்பில் இருக்கின்றன. அங்கே வளர்ந்த பற்றைக்குள்ளிருந்து தனியன் ஒன்று மாலை வெயிலில் வெளியே வருகிறது. நல்ல படம்தான். ஆனால் அதைக் கைபேசியிலேயே ஒரு தட்டில் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தான். யானை, பற்றை, நிலம் எல்லாம் ஒரே சாம்பலாகி, சேற்றில் சேறு கிடப்பதுபோல இருந்தது. ஏன் மாமா இப்படி வந்தது என்று கேட்டான். இன்னொன்றும் கேட்டான். யானைக்குப் பின்னால் கூரையில்லாத வீடு ஒன்று தெரிகிறது, படத்தின் அழகை அது கெடுக்கிறது, அதை அழிக்க வழி இருக்கிறதாம், அழிக்கட்டுமா என்றான்.

நான் இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் வேலை செய்தவன். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தெரியும். இரண்டாவது கேள்வி வந்ததும் எனக்கு ஒரு மனிதரின் நினைவு வந்தது. அவனுக்கு அவரைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். சொன்னதையும், சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

மா. கிருஷ்ணன் 1912 ஜூன் 30ஆம் திகதி திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. தகப்பனார் அ. மாதவையா. தமிழ் நாவலின் தொடக்க காலத்தைப் படித்தவர்களுக்குப் 'பத்மாவதி சரித்திரம்' தெரிந்திருக்கும். அதை எழுதியவர் இவர்தான். உப்பு, கலால் இலாகாவில் வேலை பார்த்தபடியே எழுதினார். குழந்தை மணத்தையும் விதவைகளின் துயரத்தையும் பற்றி, தன் சொந்தச் சமூகத்தின் முகத்துக்கு நேரே எழுதினார். 1925 ஒக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழகச் செனற் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழ் கட்டாய பாடமாக வேண்டும் என்று பேசியவர் அந்த மண்டபத்திலேயே இறந்துபோனார். கிருஷ்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது.

அந்த வீட்டில் எழுத்து எல்லோருக்கும் ஒட்டியிருந்தது. மூத்த சகோதரர்களில் ஒருவரான அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசரானார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'த சில்வர் பில்கிரிமேஜ்' என்ற நாவலின் நாயகன் இலங்கை இளவரசன் ஒருவன். காசிக்கு யாத்திரை போகிறான். எங்கள் தீவைப் பற்றிய இந்தச் செய்திக்கும் வனவிலங்குகளுக்கும் சம்பந்தமில்லை. எனக்குப் பிடித்ததால் சொன்னேன்.

கிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் படித்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த பைசன், நீலகிரி, கொடைக்கானல் மலைகளின் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர். அவருடன் மலைகளுக்குப் போய்வந்ததில் கிருஷ்ணனுக்குக் காடு பழகியது. பேராசிரியரின் மனைவியிடம் நீர்வர்ண ஓவியம் கற்றார். இது பின்னால் எவ்வளவு உதவியது என்பதை அவருடைய படங்களில் காணலாம். ஓவியம் கற்றவன் நிழலைப் பார்க்கும் விதம் வேறு. பிறகு சட்டமும் படித்தார், வக்கீலாக நிலைக்கவில்லை. அச்சகத்தில் வேலை, பத்திரிகைகளுக்குச் சித்திரம், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டுரை என்று சில வருடங்கள் போயின.

1942இல் பெல்லாரிக்கு அருகே சந்தூர் என்ற சின்னஞ்சிறு சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஏழு வருடங்கள் அங்கே பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலாளர் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதவி பார்த்தார். அதற்கிடையில் ஆடு மேய்த்துப் பார்த்தார், புறா வளர்த்தார். காடும் மலையும் வீட்டு வாசலிலேயே இருந்தன. 1949இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைக்கப்பட்டபோது அந்த வாழ்க்கை முடிந்தது. வேறு உத்தியோகம் தேடிப் போயிருக்கலாம். அவர் சென்னை திரும்பி, எழுதியும் படமெடுத்தும் மட்டுமே பிழைப்பது என்று முடிவு செய்தார். பென்சன் இல்லை, மாதச் சம்பளம் இல்லை. 1950இல் கல்கத்தாவின் 'ஸ்ரேற்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி ஒரு பத்தி தொடங்கினார். 1996இல் இறக்கும் வரை, நாற்பத்தாறு வருடங்கள், அதை விடவில்லை.

தமிழிலும் நிறைய எழுதினார். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகள், பறவைகள் பற்றிய கட்டுரைகளை எழுதிக் கொடுத்தார். காட்டைப் பற்றித் தமிழில் எழுத முடியாது, சொல் இல்லை என்று சொல்பவர்களுக்கு அவருடைய தமிழைக் காட்டலாம். எனக்கு அவர் அறிமுகமானதும் தமிழ் வழியாகத்தான். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' 2002இல் வந்தது. சமாதான காலம், ஏ9 பாதை திறந்திருந்தது. யாழ்ப்பாணம் போய்வந்த நண்பர் ஒருவர் பிறகு ஒரு நாள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு இரவுகளில் படித்தேன். 2009இல் மற்ற எல்லாவற்றோடும் அதுவும் போயிற்று. பிறகு வேறு பிரதி வாங்கினேன்.

இனிப் படங்களுக்கு வருகிறேன்.

கிருஷ்ணன் தன் வாழ்நாள் முழுவதும் கறுப்பு வெள்ளையில்தான் காட்டைப் படமெடுத்தார். வசதியில்லாமல் அல்ல. கலர்ப் பிலிம் 1930களிலேயே கடைக்கு வந்துவிட்டது. அவர் இறந்தபோது கல்யாண வீடு, சாமத்திய வீடு எல்லாம் கலரில்தான் நடந்தன. அவர் மாறவில்லை. விலையுயர்ந்த கமராவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு கம்பனியின் கமரா உடல், இன்னொரு கம்பனியின் தூரவில்லை, வேறெங்கோ இருந்து எடுத்த உதிரிப் பாகங்கள் இவற்றையெல்லாம் தானே பொருத்தி ஒரு கருவி செய்துகொண்டார். அதற்குச் 'சூப்பர் பொண்டரோசா' என்று பெயரும் வைத்தார். பெருங்கனத்தான் என்று நாம் சொல்லலாம். அசாம் தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கையாளருமான ஈ. பி. ஜீ அதைப் பார்த்துவிட்டு, சப்பாத்துக் கயிற்றால் கட்டியிருந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் எங்காவது கம்பி கட்டித்தான் இருக்கவேண்டும் என்ற பொருளில் கேலியாக எழுதினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட எங்களுக்கு அந்தக் கமரா விநோதமாகத் தெரியாது.

அவருக்கு முன்பே இந்தியக் காட்டில் படமெடுத்தவர்கள் உண்டு. எவ்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி 1920களில் வட இந்தியக் காடுகளில் இரவில் கம்பி கட்டி, புலியின் கால் பட்டதும் வெளிச்சம் பளிச்சிடும்படி செய்து, புலி தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ள வைத்தார். முதல் உலகப்போரில் பணியாற்றித் திரும்பிய அவர், காட்டில் துப்பாக்கியை விட்டுக் கமராவைப் பிடித்தவர். அந்தப் படங்களில் புலி மட்டும் வெள்ளையாக ஒளிர்கிறது, சுற்றிலும் கும்மிருட்டு. கிருஷ்ணனின் படங்கள் வேறு மாதிரி. நடந்தோ, வளர்ப்பு யானையின் முதுகிலோ போனார். விலங்கு நிற்கும் இடத்தோடு சேர்த்துத்தான் அதை எடுத்தார். அதன் முன்னால் புல் இருக்கும், மூங்கில் குறுக்கே விழுந்திருக்கும், சில படங்களில் விலங்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூரவில்லையால் முகத்தை மட்டும் இழுத்துப் பிடித்துப் படம் முழுக்க நிரப்பும் இன்றைய பழக்கத்துக்கு இது நேரெதிர்.

பிலிமைத் தானே கழுவி, தானே அச்சிட்டார். கழுவுவது என்றால் என்ன என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். பிலிமின் மேல் ஜெலற்றினில் வெள்ளி உப்புத் துகள்கள் படிந்திருக்கும். வெளிச்சம் பட்ட துகளை உருத்துலக்கி கறுத்த வெள்ளியாக மாற்றும். வெளிச்சம் படாததைப் பிறகு ஹைப்போ கரைத்து எடுத்துவிடும். அதனால் நெகற்றிவில் வானம் கறுப்பு, யானை வெளிச்சம். தாளில் அச்சிடும்போது மறுபடி தலைகீழாகி எல்லாம் தன் இடத்துக்கு வரும். தாளைச் சிவப்பு விளக்கில் பார்த்துப் பார்த்து உருத்துலக்கலாம். ஆனால் எல்லா நிறங்களையும் உணரும் பன்குரோமற்றிக் பிலிமை முழு இருட்டில்தான் கையாளவேண்டும். கண் உதவாது, விரலும் மணிக்கூடும்தான்.

புத்தகங்கள் எல்லாம் உருத்துலக்கி 20 பாகை செல்சியசில் இருக்கவேண்டும் என்று சொல்லும். குளிர்நாட்டுக்காரர் எழுதியது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் குழாயைத் திறந்தாலே 28, 30 பாகை. சூட்டில் உருத்துலக்கி வேகமாக வேலை செய்யும், நேரத்தைக் குறைக்கவேண்டும். குறைக்காவிட்டால் வெளிச்சப் பகுதிகள் அடைத்துப்போகும். இன்னும் சூடானால் ஜெலற்றின் வீங்கி இளகி, நகம் பட்டாலே உரியும். ஐஸ் கிடைத்தால் ஐஸ் வைப்பார்கள். 1990க்குப் பிறகு எங்களுக்கு மின்சாரமும் இல்லை, ஐஸும் இல்லை. மண்பானைத் தண்ணீரில் கிண்ணத்தை இறக்கி வைத்துச் சூட்டைத் தணித்தோம். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. காய்ந்ததும் பிலிமில் பொட்டுப் பொட்டாகப் படியும். கடைசிக் கழுவலுக்கு மாரியில் பிடித்த மழைத்தண்ணீரை வைத்திருந்தோம். பெருப்பிக்கும் கருவிக்கு விளக்கில்லாதபோது, சுவரில் துளையிட்டுக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அதற்குள் விட்டார் எங்கள் முதலாளி. முகில் மறைத்தால் வேலை நிற்கும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன். உங்கள் வீட்டில் தொண்ணூறுகளில் எடுத்த படங்கள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போயிருந்தால், அதற்கு முக்கியமான காரணம் ஹைப்போ. கிடைக்காததால் ஒரே கரைசலை மறுபடி மறுபடி பாவித்தோம். தண்ணீர் இறைக்க ஆளில்லாமல் கழுவும் நேரத்தையும் குறைத்தோம். தாளில் மிஞ்சிய ஹைப்போ வெள்ளியை மெல்ல மெல்ல அரிக்கிறது. அந்தப் படங்கள் இனியும் மங்கும். பசை தடவிய பிளாஸ்ரிக் அல்பத்தில் வைக்காதீர்கள். இப்போதே நல்ல வெளிச்சத்தில் பிரதி எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். நெகற்றிவ் இருந்தால் அதை எறியவே வேண்டாம்.

கறுப்பு வெள்ளையில் காட்டைப் பிடிப்பதிலுள்ள கஷ்டம் நிறம் போவதல்ல. இரண்டு வேறு நிறங்கள் ஒரே சாம்பலாகிவிடுவதுதான் கஷ்டம். புள்ளிமானின் செம்பழுப்பும் புல்லின் பச்சையும் கண்ணுக்கு வேறு வேறு. பிலிமுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சம். அப்போது மானைப் புல்லிலிருந்து பிரித்துக் காட்ட நிறம் உதவாது. முதுகின் விளிம்பில் விழும் வெயில், வயிற்றின் அடியிலுள்ள நிழல், புள்ளிகளின் வெண்மை இவைதான் உதவும். ஆகவே கறுப்பு வெள்ளைக்காரன் விலங்கைப் பார்க்குமுன் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பான். இதில் எனக்கொரு வியப்பு உண்டு. மான்களின் கண்ணும் செம்மஞ்சளையும் பச்சையையும் நம்மைப்போலப் பிரித்தறிவதில்லை. நமக்குப் பளிச்சென்று தெரியும் புலி, மானுக்குப் புல்லின் நிறத்திலேயே நிற்கிறது. நல்ல கறுப்பு வெள்ளைப் புலிப்படம் ஒன்றில் புலியை ஒரு கணம் தேடுகிறோம் என்றால், இரை பார்ப்பதற்குக் கிட்டவாகப் பார்க்கிறோம்.

கிருஷ்ணனை அறிந்தவர்கள் முதலில் சொல்வது யானைகளைத்தான். முதுமலையிலும் பெரியாற்றிலும் யானைக் கூட்டங்களைப் பல வருடங்கள் பார்த்தார். யானை கறுப்பு என்று நினைக்கிறோம். ஒரே யானை குளித்து ஏறும்போது கருங்கல், மண்ணை அள்ளித் தலையில் போட்டதும் அந்த மண்ணின் நிறம். மூங்கில் நிழலில் நிற்கும் யானைக்கு வெளிச்சத்தைச் சரியாகக் கொடுக்காவிட்டால் படத்தில் ஒரு கறுப்புத் துளை மட்டும் இருக்கும்; தோலின் மடிப்பு, காதின் நரம்பு, கண் ஒன்றும் இராது. கண் தெரியாத யானைப் படம் படமே அல்ல என்பது என் எண்ணம். பழைய தொழில்காரர் நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பார்கள், அதனால் கொதிக்கும் வெளிச்சப் பகுதியை உருத்துலக்கும் நேரத்தைக் குறைத்து அடக்குவார்கள். படமெடுக்கும் நொடியிலேயே இருட்டறையை நினைக்கவேண்டும். எடுத்தவரும் கழுவியவரும் ஒருவராகவே இருந்ததால் கிருஷ்ணனுக்கு அது கைகூடியது.

இதற்கு மறுதலை வேடந்தாங்கல். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சிறிய ஏரி. அதன் நடுவே நீரில் நிற்கும் மரங்களில் நாரை, கொக்கு, நீர்க்காகம், கரண்டிவாயன் எல்லாம் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர்ச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798இலேயே எழுத்தில் பாதுகாப்பு வாங்கிக்கொண்டார்கள். சட்டமும் சரணாலயமும் வருமுன்பே ஒரு ஊர் செய்த காரியம் இது. கிருஷ்ணன் அந்த ஏரியை நன்றாக அறிந்து எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைத் தொகுதி ஒன்றுக்கு 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்றே பெயர். படமெடுப்பவனுக்கு அது கொடுமையான இடம். வெயிலில் வெள்ளைக் கொக்கு, பின்னால் கரும்பச்சை இலை, மேலே வெளிறிய வானம். மரத்துக்கு அளந்தால் கொக்கு வெள்ளைக் காகிதத் துண்டாகிவிடும், ஒரு இறகும் தெரியாது. கொக்குக்கு அளந்தால் மரம் இருண்டுபோகும். மஞ்சள் வடிகட்டி வானத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுக்கும். மிச்சத்தை அச்சிடும்போதுதான் சரிசெய்யவேண்டும்.

அச்சிடும்போது கை வேலை நிறைய உண்டு. ஒளி விழும் பாதையில் கையை ஆட்டி ஒரு பகுதியை மறைத்தால் அது வெளிறும். மற்றதை மறைத்து ஒரு பகுதிக்கு மட்டும் கூடுதலாக ஒளி விட்டால் அது கறுக்கும். மெதுதாள், கடுந்தாள் என்று தாளிலும் தரங்கள் உண்டு. ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்தில் கை படவில்லை, இயற்கை அப்படியே இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கை படும். கை எதற்காகப் படுகிறது என்பதுதான் கேள்வி. நிழலுக்குள் நின்ற யானையின் கண்ணை வெளியே கொண்டுவருவது ஒன்று. அது அங்கே இருந்தது, பிலிம் பிடித்திருந்தது. இல்லாத முகிலை வேறு நெகற்றிவிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவதும், இருந்த வேலியைச் சுரண்டி எடுப்பதும் இன்னொன்று. எங்கள் ஸ்ரூடியோவிலும் இரண்டாவது வேலையைச் செய்திருக்கிறோம். இறந்துபோன பிள்ளையின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, குடும்பப் படத்தில் தாய்க்குப் பக்கத்தில் நிறுத்திக் கொடுத்தோம். அதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டவர்களுக்கு அது எதற்கென்று தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் காட்டுப் படம் அப்படியல்ல. அதைப் பார்ப்பவன், அந்த இடத்தில் அந்த விலங்கு அப்படி நின்றது என்று நம்புகிறான்.

கிருஷ்ணன் அப்படித்தான் நம்பினார் என்பதற்கு அவர் செய்த வேலையே போதும். 1968இல் அவருக்கு ஜவஹர்லால் நேரு நினைவு ஆய்வுக் கொடை கிடைத்தது. தென் இந்தியாவின் பாலூட்டிகள் எங்கே எப்படி வாழ்கின்றன என்று காடு காடாகப் போய்ப் பார்த்து எழுதினார். அதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக வெளியிட்டது. அங்கே படம் அலங்காரம் அல்ல, சாட்சி. எந்தப் புல்லை மேய்கிறது, எந்த மரத்தடியில் நிற்கிறது என்பது படத்தில் இருக்கவேண்டும். மூங்கிலை அழித்துவிட்டால் யானை எதைத் தின்ன வந்தது என்பதும் அழிந்துவிடும். வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டுக் காடு என்று சொல்வதை அவர் கடுமையாக எதிர்த்தார். அந்த மண்ணில் தானாக முளைத்ததுதான் அவருக்குக் காடு.

சுலபமான மனிதர் அல்ல என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். முன்கோபி. பிழையான தகவலைச் சகிக்கமாட்டார், எவர் முன்னாலும் சொல்லிவிடுவார். அரசாங்கத்தின் வனவிலங்குக் குழுக்களில் இருந்தும் அரசாங்கத்தைக் கண்டித்தார். பத்மஸ்ரீ கிடைத்தது. 1995இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு தன் உலக ஐந்நூற்றுவர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. 1996 பெப்ரவரி 18ஆம் திகதி சென்னையில் காலமானார், வயது 83. அவருடைய படங்களையும் எழுத்தையும் சேர்த்து ஒரு பெரிய புத்தகம் பத்து வருடம் கழித்து வந்தது.

அவர் இறந்த அந்த மாதம் நான் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில் இருந்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வந்தபோது முதலாளி கமராவை மட்டும் தோளில் போட்டுக்கொண்டார். நெகற்றிவ் பெட்டிகள் ஸ்ரூடியோவிலேயே கிடந்தன, இருபது வருடத்து முகங்கள். நாங்கள் திரும்பிப் போனபோது அறை இருந்தது, பெட்டிகள் இல்லை. இன்றைக்கும் சிலர் என்னைத் தேடி வந்து கேட்பார்கள், அந்த வருடம் எடுத்த அந்தப் படத்தின் நெகற்றிவ் எங்காவது இருக்குமா என்று.

பொடியனுடைய படத்துக்கு வருகிறேன். கணினியில் மூலப் படத்தைத் திறக்கச் சொன்னேன். கைபேசி ஒரு தட்டில் செய்தது என்னவென்றால், எல்லா நிறத்தையும் தன் கணக்கில் சராசரியாக்கியது. எங்கள் பக்கத்துச் செம்மண் பூசிய யானையும், மாலை வெயிலில் மஞ்சளித்த பற்றையும் அந்தக் கணக்கில் ஒரே சாம்பலாகின. நிறங்களைத் தனித்தனியே கறுப்பு வெள்ளையாக்கும் வழி எல்லாத் திருத்து மென்பொருளிலும் இருக்கிறது. செம்மஞ்சளைக் கொஞ்சம் இறக்கினோம், யானை கறுத்துத் திரண்டது. மஞ்சளையும் பச்சையையும் கொஞ்சம் ஏற்றினோம், பற்றை பின்னால் விலகியது. நீலத்தை இறக்கினோம், வானத்தில் முகில் வந்தது. அளவு மீறி இறக்கினால் வானம் புள்ளி புள்ளியாக உடையும், அங்கே நிறுத்தவேண்டும். நாங்கள் வடிகட்டியால் செய்ததைத்தான் அவன் விரலால் செய்தான். பிறகு யானையின் கண் இருக்கும் இடத்தை மட்டும் மெல்லத் திறந்தோம். தந்தமில்லாத ஆண். எங்கள் தீவில் பெரும்பாலான ஆண் யானைகளுக்குத் தந்தம் இல்லை என்பதை அவனுக்குச் சொன்னேன்.

பற்றை விலகியதும் பின்னாலிருந்த வீடு இன்னும் தெளிவாக வந்தது. கூரை இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் சதுர இருட்டு. சுவரில் துளைகள். யானை ஏன் அங்கே நிற்கிறது என்பதற்குப் பதில் அந்தச் சுவர்தான் என்றேன். சனம் இருந்த காணி, சனம் போனதும் பற்றை வளர்ந்தது, யானை வந்தது. இப்போது சனம் திரும்பி வந்து வெடி கொளுத்தி யானையைக் கலைக்கிறது. வீட்டை அழித்தால் இந்தப் படம் எந்தக் காட்டிலும் எடுத்த ஒரு யானைப் படமாகிவிடும். அவன் அழிக்கவில்லை.

பிறகு அவன் செய்தது நான் சொல்லிச் செய்ததல்ல. படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அந்தக் காணிக்குச் சொந்தமான ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். அவ இப்போது மகளோடு பக்கத்து ஊரில் இருக்கிறா. ஆச்சி யானையைப் பார்க்கவேயில்லையாம். படத்தின் இடது ஓரத்தை விரலால் தடவி, இங்கே கிணற்றடியில் ஒரு பலா நின்றதே, அது எங்கே என்று கேட்டிருக்கிறா. யானை நடுவில் வரவேண்டும் என்று இடது பக்கத்தை அவன்தான் வெட்டியிருந்தான்.

வெட்டாத மூலப் படத்தைத் தேடி, நேற்று மறுபடியும் கணினியைத் திறந்துகொண்டு என் வீட்டில் இருந்தான்.